வரிபாக்கி நோட்டீஸ் வந்திருக்கிறது, கட்டப் பணம் இல்லை: செட்டிநாட்டுப் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வருமான வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் நம் ஊர்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் பதறிப்போய் நகையை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பாக்கி சரிதானா என்று பார்ப்பதுகூட இல்லை. சிலர் "ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்று காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் ஏடிஎம்மில் பணம் வராதபோதுதான் வங்கிக்கு ஓடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், கையில் காசில்லாதவனுக்கென்று சட்டமே சில வழிகளை வைத்திருக்கிறது. அவற்றை முதல்முறையாகத் தேடுகிறவர்களுக்காகத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்குக் கஷ்டம், வசூலை நிறுத்துங்கள்" என்று எழுதிக் கொடுக்க நம் நாட்டில் தனிப் படிவம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், அங்கே ஐஆர்எஸ் என்ற வரித் துறை ஒருவரின் கணக்கை 'இப்போதைக்கு வசூலிக்க முடியாதது' என்று குறித்து ஒதுக்கி வைக்கும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த ஊர்ச் சட்டம். இங்கே இருப்பவை மூன்று: தவணை, ஸ்டே (வசூலை நிறுத்திவைப்பது), வட்டித் தள்ளுபடி. மூன்றுக்கும் நிபந்தனை வேறு. தள்ளுபடிக்கு அதிகாரியும் வேறு. எந்த வழியில் போனாலும், கஷ்டத்தை வாயால் சொன்னால் எடுபடாது. வரவு செலவாக, ஐந்தொகையாக (சொத்து, கடன் பட்டியலாக) காட்ட வேண்டும். கணக்கு எழுதியே பேர் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இது வராத வேலையில்லை.

2026 ஏப்ரல் 1 முதல், 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கி 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தொடரும். இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களெல்லாம் அந்தப் பழைய சட்டத்தவை.

முதலில் காகிதத்தைப் படியுங்கள்

நோட்டீஸில் நான்கு விஷயங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: எந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு), எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை, கையில் கிடைத்த தேதி. பிரிவு 143(1) என்றிருந்தால் அது பெங்களூரு சிபிசியில் (எல்லார் கணக்கையும் பரிசீலிக்கும் துறையின் மையம்) கணினி போட்ட கணக்கு. 156 என்றால் முறைப்படியான டிமாண்ட் நோட்டீஸ். 245 என்றால் உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்டைப் பழைய பாக்கியில் கழிக்கப்போகிறார்கள் என்று பொருள். அதற்குப் பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். 221 என்றால் ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டது, அபராதம் ஏன் போடக்கூடாது என்று கேட்கிறார்கள். 226(3) என்றால் வங்கிக்கே ஆணை போய்விட்டது.

காகிதத்தில் 'டின்' என்ற ஆவண எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் அது இருக்க வேண்டும். இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலே அந்த எண்ணைப் போட்டுக் கடிதம் உண்மையா என்று சோதிக்கலாம். வாட்ஸாப்பில் வரும் 'உடனே கட்டாவிட்டால் கைது' வகையறாக்களை இந்த ஒரு சோதனையிலேயே கழித்துவிடலாம்.

தேதிதான் முக்கியம். 156 நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளில் கட்ட வேண்டும். அரிதாக இதைவிடக் குறைந்த கெடுவும் கொடுப்பார்கள், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தவணை கேட்பதென்றால் அந்தக் கெடுவுக்குள் மனு போயிருக்க வேண்டும். அப்பீலுக்கும் 30 நாள்தான். நோட்டீஸ் பெரும்பாலும் ஆடிட்டரின் மின்னஞ்சலுக்கோ, எப்போதோ பதிந்து மறந்துபோன கைப்பேசி எண்ணுக்கோ போய்விடுகிறது. இதைப் படித்து முடித்ததும் தளத்தில் உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள்.

பாக்கி உண்மையிலேயே உங்களுடையதா?

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நம் பக்கத்தில் அடிக்கடி வரும் தகராறு பங்கு வீடு விற்பனை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்கிறார்கள். பழைய சட்டப்படி, 30 லட்சமோ அதற்கு மேலோ உள்ள பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் எட்டுப் பேர், ஆனால் முழு விலையும் ஒருவரின் பான் எண்ணில் ஏறிவிடுகிறது. அந்த ஒருவர் வயதான ஆச்சியாக இருந்து, கணக்குத் தாக்கல் செய்கிற பழக்கமும் இல்லை, வந்த நோட்டீஸுக்குப் பதிலும் இல்லை என்றால், அதிகாரி தன் முடிவுப்படியே மதிப்பீடு போட்டுவிடுவார்.

தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, எந்த வரவு உங்கள் பேரில் ஏறியிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். 'இது வேறு பானுக்கு உரியது' என்று பதிவு செய்ய அங்கேயே வசதி உண்டு. பூர்வீக வீடாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வீட்டின் அசல் விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. பதில் வராத வழக்குகளில் அசலைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்தாலே பாக்கி பெருமளவு குறைந்துவிடும்.

கட்டிய சலான் சேராமல் போனது, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) பொருந்தாதது, கூட்டல் பிழை போன்றவற்றுக்குப் பிரிவு 154-இன்கீழ் திருத்த மனு போதும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுவரை கேட்கலாம். பாக்கி மிகப் பழையதாகவும் சிறியதாகவும் இருந்தால் அது ஏற்கெனவே ரத்தாகியிருக்கலாம். 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தபடி, 2009-10 நிதியாண்டுவரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றையும் நீக்கினார்கள். ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் என்பது உச்சவரம்பு.

பாக்கி சரி, பணம்தான் இல்லை: தவணை

பிரிவு 220(3). கெடு முடிவதற்குள் ஐடிஓவுக்கு (உங்கள் பகுதி வருமான வரி அதிகாரிக்கு) மனுக் கொடுத்தால், அவர் கூடுதல் நாள் தரலாம், தவணையும் தரலாம். எத்தனை தவணை என்று சட்டம் சொல்லவில்லை. அது அவர் விருப்பம். அதனால் 'இயன்றபோது கட்டுகிறேன்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு என்று நீங்களே அட்டவணை போட்டுக் கொடுங்கள். முதல் தொகையைக் கட்டிய சலானை மனுவோடு இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு 1,80,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவர் மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"பாக்கித் தொகையை ஒப்புக்கொள்கிறேன். கடந்த 12 மாத வங்கிக் கணக்கின்படி, ஆள் கூலி, சிமெண்ட், மணல், கலர் பவுடர், வண்டி வாடகை போக எனக்கு மாதம் சராசரியாக ரூ.38,000 நிற்கிறது. வீட்டுச் செலவுக்கும் என் மனைவியின் டயாலிசிஸ் சிகிச்சைக்கும் மாதம் ரூ.26,000 ஆகிறது, மருத்துவமனை ரசீதுகளை இணைத்துள்ளேன். இன்று ரூ.36,000 செலுத்தியுள்ளேன். மீதி ரூ.1,44,000-ஐ மாதம் ரூ.12,000 வீதம் 12 தவணைகளில், ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குள் செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். பரிதாபமாக எழுத வேண்டியதில்லை. 38-இல் 26 போனால் 12 என்பது அதிகாரிக்கே தெரியும். மனுவை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பது கோப்பு நகர வசதி.

தவணை கிடைத்தாலும் வட்டி நிற்காது. பிரிவு 220(2)-இன்படி கெடு முடிந்ததிலிருந்து மாதம் 1 சதவீதம் தனி வட்டி. மாதத்தில் ஒருநாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. மேலே சொன்ன பட்டறைக்காரர் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் மொத்த வட்டி 9,360 ரூபாய் வரும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்ற இந்தக் கணக்கை நகைக்கடனோடு வைத்துப் பாருங்கள். வங்கி இதைவிடக் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் கொடுத்தால், வாங்கிக் கட்டித் தலைமுழுகிவிடுவதே நல்லது என்பேன். அடகுக்கடை வட்டிக்கு வாங்குவதானால் தவணைதான் மேல்.

ஒரே ஒரு தவணை தவறினாலும், பிரிவு 220(5)-இன்படி மீதி முழுவதும் அன்றே கட்டவேண்டியதாகிவிடும். மேலே உள்ள மாதிரியில் கணக்கு புரிவதற்காக முழு 12,000 போட்டேன். நீங்கள் 12,000 முடியும் என்றால் 11,000 என்று கேளுங்கள்.

"இவ்வளவு பெரிய வீடு இருக்கே?"

நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஒருவர் கஷ்டம் என்று மனு எழுதியிருப்பார். முகவரியோ இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு இவரிடம் பணம் இல்லை என்பது எப்படி நம்பும்படியாக இருக்கும்?

அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். வீட்டில் உங்கள் பங்கு பதினாறில் ஒன்று என்றால் அதை எழுதுங்கள். இன்னும் பாகம் பிரிக்கவில்லை, பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், எல்லாரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது என்பதை எழுதுங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடந்தால் வழக்கு எண், மூலப் பத்திரத்தின் நகல், வாரிசுச் சான்று ஆகியவற்றை வையுங்கள். வீட்டு வரி ரசீதும், வாட்ச்மேனுக்கும் ஓடு மாற்றவும் உங்கள் பங்காக ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்ற குறிப்பும் சேரட்டும். ஒரு பைசா வாடகை வராமல் செலவு மட்டும் வைக்கும் சொத்து என்பது காகிதத்தில் தெரிய வேண்டும்.

வங்கி லாக்கர் நகையையும் நிரந்தர வைப்பையும் மறைக்காதீர்கள். வைப்புத் தொகையின் வட்டி பான் எண்ணோடு ஏற்கெனவே துறையின் திரையில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருப்பது என்றால் அப்படியே எழுதுங்கள். மறைத்தது ஒன்று வெளியே வந்தால் மனுவில் எழுதிய மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நோட்டீஸ் வந்தபிறகு பங்கை மகன் பேருக்கோ மருமகள் பேருக்கோ தான செட்டில்மெண்ட் எழுதிவைப்பது. "எழுதி வச்சிட்டா என்ன பண்ணுவாங்க அண்ணே?" என்று கேட்பவர்கள் உண்டு. பிரிவு 281-இன்படி அந்தப் பத்திரம் வரிப் பாக்கியைப் பொறுத்தவரை செல்லாது. பத்திரச் செலவும் போய், நல்ல பேரும் போய்விடும்.

பாக்கியே தப்பு என்று வாதாடினால்: ஸ்டே

அப்பீல் போட்டாலே வசூல் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. அப்பீல் ஒரு காகிதம், ஸ்டே மனு இன்னொரு காகிதம். படிவம் 35-இல் ஆணையரிடம் அப்பீலைத் தளத்தின் வழியே போட்டபிறகு (கட்டணம் வருமானத்தைப் பொறுத்து 250 முதல் 1,000 ரூபாய்), அதன் ரசீதோடு பிரிவு 220(6)-இன்கீழ் ஐடிஓவிடம் தனியாக ஸ்டே கேட்க வேண்டும்.

2017 ஜூலை 31 நாளிட்ட நேரடி வரிகள் வாரியத்தின் குறிப்பாணைப்படி, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் அப்பீல் முடியும்வரை ஸ்டே என்பது பொது வழக்கம். அதற்கு முன் 2016-இல் அது 15 சதவீதமாக இருந்தது. இந்த 20-ஐக் கல்லில் செதுக்கியதாகச் சில அலுவலகங்களில் பேசுவார்கள். எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், சூழ்நிலையைப் பார்த்து 20-க்குக் கீழும் ஸ்டே தரலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே அதுவும் கட்ட இயலாதவர் கஷ்டத்தின் கணக்கை ஸ்டே மனுவிலும் சேர்க்க வேண்டும். மனுவில் மூன்று பகுதி இருக்கட்டும்: மதிப்பீட்டில் மேலோட்டமாகவே தெரிகிற தவறு என்ன, இப்போது கட்டச் சொன்னால் என்ன கெடும், எவ்வளவு கட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கை. மேலே காட்டிய தவணை மனுவில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று இருக்கிறது. அப்பீல் போடுகிறவர் அந்த மாதிரியை நகலெடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

ஸ்டே மனுவை இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது வாரியத்தின் வழிகாட்டுதல். ஐடிஓ மறுத்தாலோ, தாங்க முடியாத நிபந்தனை போட்டாலோ, முதன்மை ஆணையரிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் இரண்டும் அதன் எல்லைக்குள்தான். ஆனால் சின்னப் பாக்கிக்கு அங்கே போவது கட்டுப்படியாகாது, வக்கீல் செலவே 20 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது

மதிப்பீடு முகம் தெரியாத முறையில் வேறு ஊரிலிருந்து வந்திருக்கலாம். வசூலும் தவணையும் ஸ்டேயும் உங்கள் பகுதி அதிகாரியிடம்தான். உங்கள் பான் எந்த வார்டில் இருக்கிறது என்பதை இ-ஃபைலிங் தளத்தின் 'நோ யுவர் ஏஓ' (உங்கள் மதிப்பீட்டு அதிகாரி யார்) பகுதியில் பார்க்கலாம். காரைக்குடியிலேயே வருமான வரி அலுவலகம் உண்டு. ஆனால் சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்தபோது பான் எடுத்தவர்களின் கோப்பு இன்னும் அங்கேயே கிடக்கும். அலைவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மனு இரண்டு பிரதி. ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்றால் சிரித்தபடியே முத்திரைக்கு நில்லுங்கள். கெடுவுக்குள் கொடுத்ததற்கு அதுதான் சாட்சி. பிறகு தளத்தில் 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' திறந்து பதில் பதியுங்கள். அப்பீல் போட்டவர்கள் 'ஒப்பவில்லை' என்பதைத் தேர்ந்து, ஸ்டே மனு கொடுத்த விவரத்தைச் சேர்க்கலாம். இதைச் செய்யாவிட்டால் கணினிக்கு நீங்கள் இன்னும் வாய்திறக்காதவர்தான். பணம் கட்டும்போது 'ரெகுலர் அசெஸ்மெண்ட் டாக்ஸ்', அதாவது 400 என்ற தலைப்பில், சரியான மதிப்பீட்டு ஆண்டுக்குக் கட்டுங்கள். தளத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 103 0025 கட்டணமில்லா எண்.

வங்கிக் கணக்கு ஏற்கெனவே முடங்கிவிட்டதா?

மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, ஆணையை எடுக்க அவரால் ஆகாது. ஆணையின் நகலை வாங்கிக்கொண்டு ஐடிஓவிடம் போங்கள். ஒரு பகுதியைக் கட்டிய சலானும் மீதிக்கு அட்டவணையும் காட்டி, முடக்கத்தை நீக்கக் கேட்டு மனுக் கொடுங்கள். அடுத்த கூலி நாள், அடுத்த மருத்துவத் தேதி என்று என்ன அவசரமோ அதைத் தேதியோடு எழுதுங்கள்.

வசூல் அதிகாரி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழில் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக்கூடாது. ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறவரின் அச்சும் கண்ணாடிப் பலகையும், கண்டாங்கிச் சேலை நெய்பவரின் தறியும் இதில் அடங்கும் என்று வாதிடலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பிடித்தத்துக்கு அப்பாற்பட்டவை.

வட்டியையாவது குறைப்பார்களா?

பிரிவு 220(2A) இருக்கிறது. 50 லட்சம் ரூபாய்வரையிலான வட்டியை முதன்மை ஆணையரோ ஆணையரோ குறைக்கலாம், முழுதாகவும் விடலாம். அந்த வட்டியைக் கட்டுவது உண்மையான கஷ்டத்தைத் தரும், தாமதம் உங்கள் கையை மீறியது, விசாரணைக்கு ஒத்துழைத்தீர்கள் என்ற மூன்றையும் ஒருசேரக் காட்ட வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பியவருக்கு மூன்றாவது நிபந்தனையிலேயே அடிபடும். மனு வந்த மாத முடிவிலிருந்து 12 மாதத்துக்குள் உத்தரவு போட வேண்டும். அசல் வரியைத் தள்ளுபடி செய்ய இதில் இடமில்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு வரி: ஜிஎஸ்டி பாக்கிக்கு வேறு கணக்கு. டிஆர்சி-20 படிவத்தில் கேட்டால் அதிகபட்சம் 24 மாதத் தவணை கிடைக்கலாம். நீங்களே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட வரிக்கும், 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கும் அது கிடையாது.

தவணையோ ஸ்டேயோ ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பு ஆண்டுக் கணக்கைத் தாமதிக்காமல் தாக்கல் செய்துகொண்டிருங்கள். வரவேண்டிய ரீஃபண்ட் பழைய பாக்கியில் கழிந்துபோகலாம். அப்படிக் கழிந்த தொகையை அட்டவணையில் குறைத்து எழுதி, ஐடிஓவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கடைசித் தவணை கட்டிய பிறகு தளத்தில் அந்த ஆண்டுக்கு நேரே தொகை நீங்கிவிட்டதா, வட்டி என்று சில்லறை ஏதும் தொங்குகிறதா என்று பாருங்கள். சில நூறு ரூபாய் தொங்கினாலும் அதையும் கட்டி, எல்லாச் சலானையும் தவணை உத்தரவோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.